ஹோம் தியேட்டருக்கு சர்ஜ் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி அல்லது புரொஜெக்டர், ஏவி ரிசீவர், சப்வூஃபர், செட்டாப் பாக்ஸ், ஃபைபர் மோடம் என நான்கைந்து பெட்டிகள் ஒயரால் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் வீடுகளுக்கான பக்கம் இது. எண்கள் எல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு, அதாவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு. டிபி பாக்ஸை, அதாவது எம்சிபிகள் வரிசையாக இருக்கும் மின்பகிர்வுப் பெட்டியை, திறக்கிற வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அவர் செய்வது சரிதானா என்று பார்க்கத் தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

ஸ்பைக், சர்ஜ், ஹை வோல்டேஜ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான பொருளை வாங்குகிறார்கள்.

ஸ்பைக், சர்ஜ் என்று சொல்வது மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போவது. அருகில் எங்கோ இடி விழுந்தாலும், போர் மோட்டாரோ லிஃப்ட்டோ நிற்கும்போதும், ஜெனரேட்டரிலிருந்து லைனுக்கு மாறும்போதும் வரும். உயரம் சில நூறு வோல்ட்டிலிருந்து சில ஆயிரம் வோல்ட் வரை போகும். கண்ணுக்குத் தெரியாது, பல்பு கூட மினுக்காது.

ஹை வோல்டேஜ் என்பது வேறு. 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, விநாடிக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ அப்படியே நிற்கும். ஃபேன் வேகம் பிடிக்கும், பல்பு கண்ணைக் கூசும்.

ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வாரிஸ்டர் என்ற பாகம் முதல் வகையை மட்டுமே தாங்கச் செய்யப்பட்டது. இரண்டாவது வகை வந்தால் டிவிக்கு முன்னால் அதுதான் எரியும். இரண்டுக்கும் தனித்தனியே ஏற்பாடு வேண்டும்.

இடி மழை எதுவும் இல்லாத நாளில் டிவியும் ரிசீவரும் ஒன்றாகப் போய்விட்டன. எப்படி?

முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரல். போஸ்ட்டில், மீட்டர் போர்டில், மெயின் ஸ்விட்சில் எங்காவது நியூட்ரல் கழன்றோ கருகியோ விட்டுப்போனால், வெவ்வேறு பேஸில் இருக்கும் சுமைகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டது போல ஆகிவிடும்.

கணக்கு எளிதாக இருக்க இரண்டு பேஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பேஸில் பக்கத்து வீட்டு 1500 வாட் ஹீட்டர். அதன் மின்தடை சுமார் 35 ஓம். இன்னொன்றில் உங்கள் டிவியும் விளக்குகளும் சேர்த்து 150 வாட்; சுமார் 353 ஓம். நியூட்ரல் போனதும் 400 வோல்ட் இந்த விகிதத்தில் பிரியும். ஹீட்டருக்கு 36 வோல்ட், உங்களுக்கு 364. குறைவாக மின்சாரம் இழுப்பவர் தலையில்தான் அதிக வோல்ட் விழும். ஸ்டாண்ட்பையில் சும்மா கிடக்கும் டிவி எரிவதற்குக் காரணம் இதுதான்.

364 வோல்ட் ஏசி உள்ளே போனால், டிவியின் பவர் போர்டில் அது சுமார் 515 வோல்ட் டிசியாக மாறும். அங்கே இருக்கும் பெரிய கப்பாசிட்டரின் உறையில் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கும். மேல்பக்கம் உப்பி, 'டப்' என்று வெடித்து, பிசுபிசுப்பான திரவம் போர்டில் வழியும். திறந்து பார்க்கும் மெக்கானிக் 'வோல்டேஜ் ஏறிடுச்சு' என்று பார்த்தவுடன் சொல்வது இந்தக் கோலத்தை வைத்துத்தான்.

இதற்கு என்னதான் மருந்து?

டிபி பாக்ஸில் மாட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். எம்சிபி போலவே உள்ளே இருக்கும் உலோகப் பட்டையில் உட்காரும்; முகப்பில் வோல்ட் எண் ஓடிக்கொண்டிருக்கும். வைத்த அளவைத் தாண்டினால் துண்டித்து, சீரானதும் தானே சேர்க்கும்.

வைக்க வேண்டிய அளவு: மேல் எல்லை 265 முதல் 270, கீழ் எல்லை 175 முதல் 180, மீண்டும் சேர்க்கும் தாமதம் 60 விநாடி. அதே லைனில் ஏசியோ ஃபிரிட்ஜோ இருந்தால் 180 விநாடி. மேல் எல்லையை 250-இல் வைத்துவிட்டு 'அடிக்கடி கட் ஆகிறது' என்று புலம்புகிறவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் வீட்டில் பின்னிரவில், சுமை குறையும் நேரத்தில், 250-ஐத் தொடுவது சாதாரணம். 230-க்கு மேல் பத்து சதவீதம் என்றாலே 253 ஆகிறது.

வாங்கும்போது துண்டிக்கும் நேரத்தைப் பாருங்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. நேரமே போடாத பொருளை விட்டுவிடுங்கள். மும்முனை வீட்டில் ஹோம் தியேட்டர் எந்த பேஸில் இருக்கிறதோ அந்த பேஸுக்கு ஒரு சிங்கிள் பேஸ் ப்ரொடெக்டர் போட்டாலே நம் தேவை தீர்ந்தது.

பழைய வீடு, மும்முனை இணைப்பு என்றால் மெயின் ஸ்விட்சைத் திறக்கச் சொல்லி ஒன்றைப் பாருங்கள். நியூட்ரலில் பீஸ் கட்டை இருக்கவே கூடாது. கெட்டியான லிங்க் மட்டுமே இருக்க வேண்டும். அந்த பீஸ் போனால் மேலே சொன்ன 364 வோல்ட் கதைதான். 

ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

காப்பாற்றாது. அது ஆளைக் காப்பது. கசிவு மின்சாரத்தைப் பார்த்துத்தான் விழும், வோல்ட் ஏறுவது அதற்குத் தெரியாது.

ஸ்பைக் பஸ்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அது ஸ்பைக் பஸ்டர்தானா என்று பாருங்கள். நான்கு சாக்கெட், ஒரு சிவப்பு ஸ்விட்ச், நல்ல பெயர் எல்லாம் இருக்கும். உள்ளே வெறும் ஒயரும் தகடும் மட்டுமே இருக்கும். அது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாதுகாப்பு உள்ள பெட்டி என்றால் ஜூல், அதிகபட்ச ஆம்ப், கட்டுப்படுத்தும் வோல்ட் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு அச்சில் இருக்கும்.

உள்ளே வேலை செய்வது வாரிஸ்டர், கடைக்காரர்கள் எம்ஓவி என்பார்கள். இரண்டு கால் வைத்த நீல நிறத் தட்டு, பெரிய மாத்திரை போல இருக்கும். அதன் மேல் 14டி471, 20டி511 என்ற மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் தட்டின் விட்டம், மில்லி மீட்டரில். கடைசி மூன்று எண்ணில் 471 என்றால் 47-க்குப் பின் ஒரு பூஜ்யம், 470 வோல்ட். அந்த வோல்ட்டில் அது லேசாகக் கடத்தத் தொடங்கும். 431 தொடர்ந்து தாங்கும் ஏசி 275 வோல்ட், 471 தாங்குவது 300, 511 தாங்குவது 320. நம் ஊர் லைனுக்கு 471 அல்லது 511 ஏற்றது. 431-ஐப் போட்டால் வோல்ட் 280-ஐத் தொடும் இரவுகளில் தட்டு சூடேறிச் சீக்கிரம் கிழடு தட்டும்.

இங்கே ஒரு விற்பனை வித்தையைச் சொல்லியாக வேண்டும். '500 வோல்ட்டிலேயே கட்டுப்படுத்தும்' என்று போட்டிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். 275 வோல்ட் ஏசிக்கான நல்ல தட்டே 100 ஆம்ப் பாயும்போது சுமார் 710 வோல்ட்டை விட்டுவிடும். 320-க்கான தட்டு சுமார் 840-ஐ. 230 வோல்ட் பெட்டி 500-இல் நிறுத்துகிறது என்றால், கொசுக்கடி போன்ற மின்சாரத்தில் அளந்திருக்கிறார்கள், அல்லது நம் லைனுக்குப் பொருந்தாத தட்டைப் போட்டிருக்கிறார்கள். டிவி, ரிசீவர் போன்ற வீட்டுச் சாதனங்கள் 2500 வோல்ட் சர்ஜைத் தாங்க வேண்டும் என்பதுதான் மின்காப்புத் தர வகைப்பாடு. 840 வோல்ட்டைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

ஜூல் கணக்கிலும் இதே கதை. 20 மில்லி மீட்டர் தட்டு ஒன்று ஏறக்குறைய 150 ஜூல், 14 மில்லி மீட்டர் தட்டு 70 ஜூல் வாங்கும். மூன்று தட்டுக்கும் கூட்டித்தான் பெட்டியில் போடுவார்கள். ஆனால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் சர்ஜுக்கு வேலை செய்வது பெரும்பாலும் ஒரே தட்டுதான். ஆகவே 450 ஜூல் என்று போட்ட பெட்டியில் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது 150. குறைந்தது இந்த 450-ஐ எதிர்பாருங்கள்.

வேறு என்ன? தட்டுகள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். தட்டோடு ஒட்டினாற்போல வெப்ப பீஸ் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியில் வாரிஸ்டர் சாகும்போது பிளாஸ்டிக்கையும் சேர்த்து எரிக்கும். ஒயர் 1 சதுர மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. பிளக்கில் மூன்று முனையும் இருக்க வேண்டும்.

எத்தனை ஆம்ப் பெட்டி? 6 போதுமா?

6 ஆம்ப் என்றால் 1380 வாட். டிவி 200, ரிசீவர் 500, சப்வூஃபர் 300, சில்லறைப் பெட்டிகள் 50 என்று தகட்டில் போட்டிருப்பதைக் கூட்டினாலும் 1050-தான் வருகிறது. போதும். புரொஜெக்டரும் பெரிய பவர் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால் 16 ஆம்ப் சாக்கெட்டுக்குப் போங்கள். அதே பெட்டியில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகாமல் இருந்தால் சரி.

ஒரு ஸ்பைக் பஸ்டரில் இன்னொன்றைச் சொருகினால் இரட்டைப் பாதுகாப்பா?

இல்லை. கூடுதல் தொடுமுனை, கூடுதல் சூடு, அவ்வளவுதான்.

டிபி பாக்ஸில் எஸ்பிடி போடச் சொல்கிறார்கள். எதைப் போடுவது, எப்படி?

எஸ்பிடி என்பது டிபி பாக்ஸில் மாட்டும் சர்ஜ் தடுப்பான். கடையில் டைப் 1, டைப் 2, டைப் 3 என்பார்கள். டைப் 1 இடி நேராக விழக்கூடிய கட்டடத்துக்கு. மாடியில் இடிதாங்கி இருந்தாலோ, வெட்டவெளியில் நீளமான ஓவர்ஹெட் லைனில் வீடு இருந்தாலோ டைப் 1, 2 சேர்ந்த கலவையைக் கேளுங்கள். மற்ற வீடுகளுக்கு டைப் 2 போதும். நாம் பேசிய நல்ல ஸ்பைக் பஸ்டர்தான் ஏறக்குறைய டைப் 3-இன் வேலையைச் செய்கிறது.

டைப் 2-இல் பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. தொடர்ந்து தாங்கும் வோல்ட் 320. பெயரளவு மின்சாரம் 20 கிலோ ஆம்ப். உச்சம் 40 கிலோ ஆம்ப். விட்டுவிடும் வோல்ட் 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழே. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு '1+1', மும்முனைக்கு '3+1' என்ற அமைப்பைக் கேளுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வாரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயு நிரப்பிய குழாய் என்பது இதன் பொருள். வீட்டுக்கென்று தனி எர்த் குழி உள்ள இணைப்புக்கு இதுவே சரி. மாட்டும் இடம் மெயின் எம்சிபிக்குப் பின்னால், ஆர்சிசிபிக்கு முன்னால். பின்னால் மாட்டினால் ஒவ்வொரு சர்ஜும் ஆர்சிசிபி வழியாகவே ஓடி அதை வீணாக விழ வைக்கும்.

பொருள் நன்றாக இருந்தும் வேலை கெட்டுப்போவது ஒயரின் நீளத்தில்தான். பேஸிலிருந்து எஸ்பிடிக்கு வரும் ஒயரும், அங்கிருந்து எர்த் பட்டைக்குப் போகும் ஒயரும் கூட்டினால் 50 சென்டி மீட்டருக்குள் இருக்க வேண்டும். 6 சதுர மில்லி மீட்டர் தாமிரம், நேராக, வளைசல் இல்லாமல். சர்ஜ் மிக வேகமாக ஏறுவது. ஒயரின் தடிமனை அது பொருட்படுத்தாது, நீளத்தைத்தான் எதிர்க்கும். ஒரு மீட்டர் ஒயரில் மட்டுமே 1000 வோல்ட் நிற்கலாம். 1.5 கிலோ வோல்ட் எஸ்பிடியை ஒரு மீட்டர் ஒயரோடு மாட்டினால் உங்கள் டிவி பார்ப்பது 2.5 கிலோ வோல்ட், அதாவது அது தாங்கும் எல்லையின் விளிம்பு. ஒயரை அழகாகச் சுருட்டி, டேக் போட்டு, மூலையில் அடக்கி வைப்பது எலக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கம். பார்க்க நேர்த்தி, ஆனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் அந்த நேர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எஸ்பிடிக்கு முன்னால் போட வேண்டிய பீஸ் அல்லது எம்சிபி அளவு அதன் பக்கவாட்டிலோ உள்ளிருக்கும் தாளிலோ இருக்கும். கையில் கிடைத்த எம்சிபியைப் போட விடாதீர்கள்.

டிபி பாக்ஸில் இது இருந்தால் டிவி பக்கத்தில் ஸ்பைக் பஸ்டர் தேவையா?

டிபி பாக்ஸிலிருந்து டிவி வரை ஒயர் நீளம் 10 மீட்டருக்கு மேல் என்றால் தேவை. அவ்வளவு தூரம் போகும்போது முனையில் வோல்ட் மறுபடி எழும்பும். வீட்டுக்குள்ளேயே பிறக்கும் மிக்ஸி, மோட்டார் ஸ்பைக்குகளும் இருக்கின்றன. 10 மீட்டருக்குள் என்றாலும் போட்டுவைப்பதில் நஷ்டமில்லை.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மல்டிமீட்டரில் பேஸ்-நியூட்ரல் 232, பேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் 2 என்று வந்தால் ஒயர் தொடர்பு இருக்கிறது என்று பொருள். எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம்; காய்ந்த மண்ணில் நட்ட கம்பி கூட 230 காட்டும்.

எலக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவிட்டுப் பார்ப்பார். நியூட்ரலில் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். பல்பு எரியும்போதே பேஸ்-எர்த் வோல்ட்டை அளந்தால் கணக்கே போடலாம். அந்த பல்பு சுமார் 0.43 ஆம்ப் இழுக்கும். வோல்ட் 2 குறைந்தால் பாதை முழுவதும் சேர்த்து 5 ஓமுக்குச் சற்றுக் கீழே, நல்லது. 35 வோல்ட் குறைந்தால் 80 ஓமுக்கு மேல், குழியைப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபி உள்ள வீட்டில் பல்பைத் தொடுத்ததும் அது விழுந்துவிடும். எர்த் 30 மில்லி ஆம்பாவது கடத்துகிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. ஆகவே இந்தச் சோதனையை ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள முனையில்தான் செய்ய வேண்டும். நீங்களே செய்யாதீர்கள்.

கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம்தான், ஆனால் சரியான பழக்கம். புனல் மூடியைத் திறந்து வாரம் ஒரு குடம். கரியும் உப்பும் போட்ட குழி என்றால் கிளாம்ப் துருவேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்; ஜிஐ பைப் நன்றாக இருக்கும், ஒயர் சேரும் போல்ட் பொடிப்பொடியாக உதிரும்.

எர்த்தே இல்லாத வாடகை வீடு. நியூட்ரலை எர்த் பின்னில் இணைத்துவிடலாமா?

கூடவே கூடாது. நியூட்ரல் எங்காவது விட்டால் ரிசீவரின் உலோக உடம்பு முழுக்க பேஸ் நிற்கும். எர்த் இல்லாத சாக்கெட்டிலும் ஸ்பைக் பஸ்டரின் பேஸ்-நியூட்ரல் தட்டு வேலை செய்யும். பாதிப் பாதுகாப்பு உண்டு. அதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

ஹோம் தியேட்டருக்கென்று ஜன்னல் ஓரம் தனியாக ஒரு கம்பி அடித்து எர்த் எடுப்பதும் தவறு. ஒரு வீட்டில் இரண்டு எர்த் இருந்து அவை தாமிரத்தால் இணைக்கப்படாமல் இருந்தால், இடி நேரத்தில் இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். 5 ஓம் எர்த்தில் 1000 ஆம்ப் பாய்ந்தாலே அந்த எர்த் 5000 வோல்ட் உயரும். எல்லாப் பெட்டியும் ஒரே எர்த்தில் இருந்தால் எல்லாம் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து இறங்கும், ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும் வேறு எர்த்தில் இருந்தால் அந்த 5000 வோல்ட்டும் இடையில் இருக்கும் ஒயரில்தான் இறங்கும்.

டிவி ஓடுகிறது, ஆனால் எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்துவிட்டது. ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தோமே?

சர்ஜ் பவர் ஒயரில் வரவில்லை, பக்கவாட்டில் வந்திருக்கிறது. மேலே சொன்ன 'வேறு எர்த்' விஷயம்தான். மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கோஆக்ஸ், போஸ்ட் போஸ்ட்டாகத் தொங்கி வரும் கேபிள்காரர் ஒயர், தெருவிலிருந்து நேராக வரும் லேன் ஒயர் மூன்றுமே வெளி உலகத்தை உங்கள் செட்டாப் பாக்ஸுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி. 5 வோல்ட்டில் பேசும் சிப்புகள் அவை. பவர் போர்டு தாங்குவதில் நூறில் ஒரு பங்கைக் கூடத் தாங்காது. பவர் ஒயருக்கு மட்டும் காவல் போடுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

டிஷ் இருந்தால், கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்டிங் பிளாக் ஒன்றைப் போட்டு, அதிலிருந்தும் டிஷ்ஷின் இரும்புக் காலிலிருந்தும் 6 சதுர மில்லி மீட்டர் தாமிர ஒயரை வீட்டின் அதே மெயின் எர்த்துக்கு இறக்குங்கள். கோஆக்ஸ் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கினால் 75 ஓம், குறைந்தது 2150 மெகாஹெர்ட்ஸ், டிசியைக் கடக்கவிடும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். டிஷ் தலைக்குப் போகும் 13, 18 வோல்ட் அந்த ஒயரிலேயேதான் ஏறிப் போகிறது. டிசியைத் தடுக்கும் வகையைப் போட்டால் திரையில் 'சிக்னல் இல்லை' என்று நிற்கும்.

இன்டர்நெட் ஃபைபரில் வந்தால் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, நல்ல சேதி. ஆனால் அந்தக் கறுப்பு ஒயரின் ஓரத்தில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும், அது கடத்தும். வெளிச்சுவரிலேயே கொக்கியில் கட்டி, கம்பியை அங்கேயே வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். பல ஊர்களில் தெருமுனைப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு லேன் ஒயராகவே இழுக்கிறார்கள். அப்படியானால் வீட்டுக்குள் இரண்டு மீடியா கன்வெர்ட்டரை (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் சிறு பெட்டி) வைத்து, இடையில் இரண்டு மீட்டர் ஃபைபர் பேட்ச் ஒயரைப் போட்டால் மின்தொடர்பு மட்டும் அறுந்துவிடும். அதில் தெருப் பக்கத்துக் கன்வெர்ட்டருக்கு ஹோம் தியேட்டர் பெட்டியிலிருந்து கரண்ட் கொடுக்காதீர்கள். அதைவிடச் சுலபம் டிவியை வைஃபையில் ஓட்டுவது.

புரொஜெக்டர் கூரையில் இருக்கிறது, 15 மீட்டர் எச்டிஎம்ஐ. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

புரொஜெக்டருக்கான கரண்டை அருகில் இருக்கும் சாக்கெட்டில் எடுக்காமல், ரிசீவர் இருக்கும் அதே சர்க்யூட்டிலிருந்து இழுங்கள். மும்முனை வீட்டில் கூரை சாக்கெட் வேறு பேஸில் இருந்துவிடுவது சகஜம். ஆப்டிகல் எச்டிஎம்ஐ ஒயர் உதவும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை படத்தை இழையிலும், மற்ற சின்ன சிக்னல்களைத் தாமிரத்திலும் அனுப்பும் கலப்பு வகை. முழுத் தடுப்பு என்று நம்ப வேண்டாம்.

ஸ்டெபிலைசர் இருந்தால் போதாதா?

ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே 'டிக்' என்று மாறுவதற்குள் சர்ஜ் ஆயிரம் தடவை வந்து போய்விடும். மேல் எல்லையில் துண்டிக்கும் வசதி இருந்தால் ஹை வோல்டேஜுக்கு உதவும். அந்த அளவில் மதிப்பு உண்டு. இன்றைய எல்இடி டிவி 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும், லோ வோல்டேஜுக்காக அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டாம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ரிசீவருக்கு, மாலையில் 170 வோல்ட்டுக்கு இறங்கும் ஊரில், 1 கிலோவிஏ ஸ்டெபிலைசர் பயன்தரும். 'டிவிக்கு' என்று விற்கும் குட்டிப் பெட்டியை ரிசீவருக்குப் போடாதீர்கள்.

யூபிஎஸ், இன்வெர்ட்டர்?

லைன் இருக்கும்போது சாதாரண இன்வெர்ட்டர் அதை அப்படியே கடத்திவிடும், சர்ஜையும் சேர்த்து. விளக்கு வைத்த புரொஜெக்டருக்குக் கரண்ட் போனால் குளிர்விக்கும் ஃபேன் நின்று விளக்கின் ஆயுள் குறையும். அதற்காக ஒரு யூபிஎஸ் வைக்கலாம். சைன் வேவ் வகையாக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ரிசீவர் 'ங்ங்' என்று இரையும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். ஸ்பைக் பஸ்டரை யூபிஎஸ்ஸுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம்.

ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் நிற்கிறதே?

நிற்கும், ரிசீவரின் பாதுகாப்பும் அதோடு நின்றுவிடும். அந்த இரைச்சல் இரண்டு எர்த் பாதை வளையமாகச் சேர்வதால் வருவது. கோஆக்ஸை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தீரும். எல்லாப் பிளக்கையும் ஒரே பெட்டியில் சேர்த்தாலும் குறையும். 'பவர் கண்டிஷனர் போட்டால் ஒலி மெருகேறும்' என்று சொல்லி விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். அதே பணத்தில் டிபி பாக்ஸ் எஸ்பிடி வந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் நல்ல சர்ஜ் பெட்டி கொண்டுவந்தார். பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது 120 வோல்ட்டுக்கானது. உள்ளே இருக்கும் தட்டு 150 வோல்ட் ஏசிக்கு மேல் தாங்காது. பிளக் அடாப்டர் போட்டு நம் சாக்கெட்டில் சொருகிய மாத்திரத்தில் புகை வரும். '330 வோல்ட்' என்று பின்னால் போட்டிருப்பது அது கட்டுப்படுத்தும் அளவு, ஓடும் அளவு அல்ல. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தால் வோல்ட் பொருந்தும். ஆனால் கடையில் விற்கும் இரு முனை அடாப்டரைப் போட்டால் எர்த் அறுந்துபோகும். பிளக்கையே வெட்டி நம் ஊர் மூன்று முனை பிளக்கை மாட்டச் சொல்லுங்கள்.

இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதுமா?

போதாது. சுவர் ஸ்விட்ச் பேஸை மட்டும் துண்டிக்கும், அதுவும் சில மில்லி மீட்டர் இடைவெளியில். நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். கூடவே டிஷ் ஒயரையும் லேன் ஒயரையும். பிடுங்கிய கோஆக்ஸ் முனையை டிவியின் முதுகிலேயே தொங்கவிடாமல் தள்ளிப் போடுங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வானம் கறுக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் மின்னத் தொடங்கிய பிறகு ஒயரைத் தொடப் போகாதீர்கள். டிவி போனால் போகட்டும். எவ்வளவு விலைகொடுத்து எஸ்பிடி போட்டிருந்தாலும் இந்தப் பழக்கத்துக்கு ஈடு இல்லை.

ஸ்பைக் பஸ்டரை எப்போது மாற்றுவது? பச்சை விளக்கு எரிகிறதே?

பல பெட்டிகளில் அந்த விளக்கு கரண்ட் வருகிறது என்பதை மட்டும்தான் காட்டும். வாரிஸ்டர் போன பிறகும் ஜோராக எரியும். 'பாதுகாப்பு' என்று பெயர் போட்டுத் தனியாக ஒரு விளக்கு இருந்தால் மட்டும் நம்பலாம். வாரிஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேய்வது. அதனால் பெரிய இடி அல்லது ஹை வோல்டேஜ் ஒருமுறை வந்தாலே மாற்றிவிடுங்கள். எதுவும் நடக்காவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது எங்கள் பரிந்துரை. டிபி பாக்ஸ் எஸ்பிடியில் சிறு ஜன்னல் இருக்கும். பச்சை சிவப்பானால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றலாம்.

ஒரேயடியாகச் செலவு செய்ய முடியாது. எதிலிருந்து தொடங்குவது?

எர்த் சோதனை, நியூட்ரல் முனைகளை இறுக்குவது இரண்டுக்கும் கூலி மட்டும்தான், இன்றே செய்யலாம். அடுத்தது ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். நகரத்துத் தெருவில் இருக்கும் வீட்டுக்கு எஸ்பிடியைவிட இது முந்தியது என்பதே எங்கள் கணிப்பு. தோட்டத்து வீடு, நீண்ட ஓவர்ஹெட் லைன், மாடியில் டிஷ் என்றால் வரிசையை மாற்றி எஸ்பிடியை முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்பைக் பஸ்டர் கடைசி.

ஒருமுறை அடித்துவிட்டது. புது டிவியை மாட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

காரணம் இன்னும் அங்கேயே இருக்கலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம். மீட்டர் போர்டு, மெயின் ஸ்விட்ச், டிபி பாக்ஸ் மூன்றிலும் நியூட்ரல் திருகுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காப்புறை பழுப்பேறி, சுருங்கி, உள்ளே தாமிரம் கறுத்திருந்தால் அதை வெட்டி எறிந்து புதிதாக முனை கட்ட வேண்டும். கறுத்த ஒயரை அப்படியே இறுக்கினால் மறுபடி விடும். போஸ்ட்டில் பிரச்சினை என்றால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தில் பதிந்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இஸ்திரிப் பெட்டி ஒன்றை ஓடவிட்டு, அதே லைனில் வோல்ட்டை அளக்க வேண்டும். சுமை ஏறும்போது ஐந்தாறு வோல்ட் இறங்குவது இயல்பு. சுமையை ஏற்றினால் ஓர் அறையில் வோல்ட் இறங்கி, இன்னோர் அறையில் ஏறுகிறது என்றால் நியூட்ரல் இன்னும் சரியாகவில்லை. டிவியைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.